அறைக்குள் விரிந்த குடை

மழை இல்லை, வெயிலும் இல்லை. தலைக்கு மேலே கூரை இருக்கிறது. அப்படியிருக்க, ஆள் உயரத்துக்கு ஒரு குடையை விரித்து, அதையும் பக்கவாட்டில் சாய்த்து ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். போட்டோ ஸ்டூடியோவுக்குள் போன எல்லோரும் பார்த்த காட்சிதான். கல்யாண மண்டபங்களில் மணமேடைக்கு இருபுறமும் துவாரபாலகர்கள் மாதிரி இரண்டு குடைகள் நிற்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், இது எதற்கு என்று நாம் கேட்பதில்லை.

பிரெஞ்சில் குடைக்கு ‘பாராப்ளுயி’ என்று பெயர். மழையைத் தடுப்பது என்று பொருள். ‘பாராசோல்’ என்றால் வெயிலைத் தடுப்பது. பள்ளியில் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் போட்டோக்காரரின் குடை எதையும் தடுப்பதில்லை. வெளிச்சத்தை வாங்கி, பெரிதாக்கி, நம் முகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தடுப்பதற்கென்று பிறந்த பொருள் கொடுப்பதற்கு வந்த கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். அது ஏறக்குறைய புகைப்படக் கலையின் முழு வரலாறும்கூட. நல்ல வெளிச்சம் யார் முகத்தில் விழுந்தது, யார் முகத்தில் விழவில்லை என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் தகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு படம் விழ நிமிடக்கணக்கில் நல்ல வெளிச்சம் வேண்டும். வெயிலில் உட்கார்ந்தால் கண் கூசும், நெற்றி சுருங்கும். தலை அசையாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை வைத்தார்கள். 1841-ல் லண்டனில் ரிச்சர்ட் பியர்டு என்பவர் ரீஜண்ட் தெருவில் உள்ள பாலிடெக்னிக் கட்டடத்தின் உச்சியில் உருவப்பட ஸ்டூடியோ திறந்தார். அதன் கூரைக்கு நீலக் கண்ணாடி போட்டார்கள். தகடு நீல ஒளியை நன்றாக ஏற்கும், உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணும் கூசாது.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் மாடியில், கண்ணாடிக் கூரையோடு, வடக்குப் பார்த்துக் கட்டப்பட்டன. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னல் வழியாக வருவது நேர் வெயில் அல்ல, வானத்தின் வெளிச்சம். நம் ஊர்ப் பக்கம் இந்தக் கணக்கு முழுசாகச் செல்லாது. புதுவையில் சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே வந்து, பிறகு ஆவணித் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்கு ஜன்னல் வைத்தாலும் அந்த மாதங்களில் வெயில் உள்ளே வரும்.

வானத்தின் வெளிச்சத்தை ஏன் இப்படித் தேடினார்கள்? இதைப் புரிந்துகொண்டால் குடையும் புரிந்துவிடும். சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். நம் முகத்தைப் பொறுத்தவரை சூரியன் ஒரு சின்னப் புள்ளி. புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரும். மூக்கு அதை மறித்தால் கன்னத்தில் கத்தியால் வெட்டியது மாதிரி நிழல் விழும். மேகம் மூடிய நாளில் அதே சூரியன்தான், ஆனால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால் ஒரு பக்கம் மறைந்தாலும் மறுபக்கத்து ஒளி போய் நிழலைத் தணிக்கிறது. ஆக, வெளிச்சம் மென்மையா கடுமையா என்பதை விளக்கின் பலம் முடிவு செய்வதில்லை. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு.

கண்ணாடிக் கூரை அந்தப் பரப்பைக் கொடுத்தது. ஆனால் அதைக் கட்ட யாரால் முடியும்? நகரத்தின் நடுவில் மாடி வேண்டும், கண்ணாடி வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திரைச்சீலைகள் வேண்டும், அவற்றை இழுக்க ஆள் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்தவர்களும் வசதி உள்ளவர்கள்தான். மாலையானாலோ, மழைக்காலம் வந்தாலோ அந்த ஸ்டூடியோவிலும் தொழில் நின்றுவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கப் பார்த்தவர்களில் ஒருவர் நதார். இயற்பெயர் காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னஷோன். 1820-ல் பிறந்து 1910 வரை வாழ்ந்தவர், கேலிச்சித்திரக்காரர், பலூனில் பறந்து வானிலிருந்து படம் எடுத்தவர். பாரிஸில் கபுசீன் பூல்வாரில் 35-ஆம் எண் கட்டடத்தில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. ஓவியர்கள் மோனே, ரெனுவார், தெகா முதலானோர் 1874-ல் தங்கள் முதல் கூட்டுக் கண்காட்சியை வைத்ததும் அந்த இடத்தில்தான். நதார் முதுமையில், 1900-ல், ‘நான் புகைப்படக்காரனாக இருந்தபோது’ என்ற தலைப்பில் நினைவுக் குறிப்புகள் எழுதினார். பிரெஞ்சில் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபங்களில் அந்தப் புத்தகத்தை அவருடைய மொழியிலேயே படித்ததும் ஒன்று.

நதார் மின்சார ஒளியில் உருவப்படம் எடுக்க முனைந்தார். அப்போது மின்சாரம் என்றால் கம்பியில் வருவது அல்ல. துத்தநாகமும் கரியும் அமிலமும் நிறைந்த புன்சன் மின்கலங்களை வரிசையாக அடுக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தின் புகை மூக்கை அறுக்கும். அதிலிருந்து வரும் மின்சாரத்தால் இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே சுடர் எழும். மாலை நேரங்களில் அந்த வெளிச்சத்தைக் கண்டு பூல்வாரில் கூட்டம் கூடியதாக எழுதுகிறார். ஆனால் முதல் படங்கள் அவருக்கே பிடிக்கவில்லை. கறுப்பு ஒரே கறுப்பாகவும் வெள்ளை ஒரே வெள்ளையாகவும் இருந்தன, முகத்தில் இருக்க வேண்டிய நடுத்தர நிறங்கள் தொலைந்துவிட்டன.

அதற்கு அவர் செய்த வைத்தியம்தான் நம் கதைக்கு முக்கியம். சுடருக்கு முன்னால் மங்கலான கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணித் தட்டிகளை நிறுத்தி, ஒளியை அவற்றில் மோதவிட்டுத் திருப்பினார். கடைசியாகப் பெரிய நிலைக்கண்ணாடிகளையும் பயன்படுத்தினார். நேராக முகத்தில் அடிக்காதே, வெள்ளைத் துணியில் அடித்துத் திருப்பு என்பதுதான் குடையின் தத்துவம். மின்சார ஒளியில் படம் எடுக்கும் தன் முறைக்கு அவர் 1861-ல் காப்புரிமை வாங்கினார். குடையின் தத்துவத்துக்கு அவ்வளவு வயது.

அதே ஆண்டு நதார் தன் விளக்கைப் பாரிஸ் நகரத்துக்கு அடியில் உள்ள எலும்புச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார். பழைய கல்லறைகளிலிருந்து தோண்டி எடுத்த லட்சக்கணக்கான மனிதர்களின் எலும்புகள் அங்கே சுவர் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க உயிருள்ள ஆளால் ஆகாது. எனவே தொழிலாளியின் உடையை ஒரு பொம்மைக்கு மாட்டி நிற்கவைத்தார். பிரபலங்களின் முகத்துக்கு நதார் கொடுத்த ஒளியை இன்றும் உலகம் போற்றுகிறது. எலும்பு தள்ளிய தொழிலாளிக்கோ அந்தப் படத்தில் முகமே இல்லை, பொம்மைதான் இருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கருவி அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

அடுத்து வந்தது மெக்னீசியம். 1864-ல் மான்செஸ்டரில் ஆல்ஃபிரட் பிரதர்ஸ் என்ற புகைப்படக்காரர் மெக்னீசியத்தை எரித்து அந்த ஒளியில் உருவப்படம் எடுத்தார். 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கெடிக்கே என்ற இருவர் மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமணி சல்ஃபைடும் கலந்து ‘பளிச்’ பொடியைக் கொண்டுவந்தார்கள். தீபாவளிப் பட்டாசு செய்பவர்களுக்கு இந்தச் சேர்க்கை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணத்தில் வெடித்து, அறை முழுக்க வெள்ளைப் புகையை நிரப்பும். கை சுட்டவர்களும் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு.

நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர் இந்தப் பொடியை எடுத்துக்கொண்டு இரவு நேரங்களில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இருட்டுக் குடியிருப்புகளுக்குள் போனார். அவர் டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்து, தானும் வறுமையை அனுபவித்தவர். ஏழைகளின் நிலையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1890-ல் வந்த அவருடைய புத்தகம் அந்த நகரத்தின் மனசாட்சியை உலுக்கியது. ஒருமுறை பார்வையற்றவர்கள் குடியிருந்த மாடி அறையில் படம் எடுத்தபோது, சுவரில் தொங்கிய காகிதத்திலும் கந்தலிலும் தீப்பிடித்துக்கொண்டது. அதை அவரே போராடி அணைத்தார். அந்தப் படங்களில் உள்ளவர்களைப் பாருங்கள். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த கண்கள், பின்சுவரில் கரிய நிழல். நோக்கத்தில் கருணை இருந்தது, வெளிச்சத்தில் இல்லை.

ஆக, 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது இரண்டு வகை வெளிச்சம் இருந்தது. வசதி உள்ளவர் கண்ணாடிக் கூரையின் கீழே போய் வானத்து ஒளியில் உட்கார்ந்தார். ஏழையின் வீட்டுக்கு வெடிப்பொடி வந்தது.

1929-ல் ஜெர்மனியில் ஃபிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள்ளேயே உலோகத் தகடு எரிந்து அடங்கிவிடும், புகை வெளியே வராது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு, பிறகு குப்பைக்கூடை. 1931 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் என்ற பொறியாளர், சுழலும் இயந்திரங்களை ஆராய்வதற்காக மின்னணு ஃபிளாஷை மேம்படுத்தினார். மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரத்தை வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரே அடியாகத் திறந்துவிடுவதுதான் அது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்னல் மாதிரி வெட்டும். மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தலாம். இன்று ஸ்டூடியோக்களில் உள்ள ஃபிளாஷ் லைட் எல்லாம் அந்த வம்சம்தான்.

வேகம் கிடைத்தது, பலம் கிடைத்தது, புகை போயிற்று. ஆனால் பழைய வியாதி முற்றிவிட்டது. அந்தக் கண்ணாடிக் குழாய் கட்டைவிரல் அளவுதான். ஒளி புறப்படும் இடம் சிறுத்தால் நிழல் கடுமையாகும் என்று மேலே பார்த்தோம். கட்டைவிரல் அளவு குழாயை எப்படி வானம் ஆக்குவது?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒருவர் அழகான விடை கண்டார். அவர் ஸ்டூடியோக்காரர் அல்லர், சினிமாக்காரர். 1956-ல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ எடுக்கும்போது, காசியில் உள்ள பழைய வீடு ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். அந்த வீடுகளின் நடுவில், நம் பக்கத்து முற்றம் மாதிரி, வானம் பார்த்த வெளி இருக்கும். அங்கே ஒளி மேலிருந்து இறங்கும், நிழல் ஒன்றும் துலக்கமாக விழாது. சினிமா விளக்குகளை நேராக அடித்தால் அந்த முற்றம் பொய்யாகிவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் சொல்லி, விளக்குகளை அந்தத் துணியில் அடித்து, ஒளியைக் கீழே இறக்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. படம் பார்த்தவர்கள் உண்மையான காசி வீடு என்றே நம்பினார்கள். நதாரின் தட்டியும் மித்ராவின் துணியும் ஒரே குடும்பம்.

ஆனால் செட்டின் அகலத்துக்குத் துணி கட்ட ஒரு சினிமா கம்பெனியால் முடியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கடை வைத்திருக்கும் போட்டோக்காரர் என்ன செய்வார்? அவருக்குத் தேவையானது விரித்தால் வானம், மடித்தால் மூலையில் சாத்தி வைக்கும் அளவு. அப்படி ஒரு பொருளை மனிதன் வேறு காரியத்துக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்தான். 1852-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் என்பவர் திமிங்கில எலும்புக் கம்பிகளுக்குப் பதிலாக, நடுவில் பள்ளம் உள்ள மெல்லிய எஃகுக் கம்பிகளைக் குடைக்குப் போட்டார். எடை குறைந்தது, விலை இறங்கியது, பலம் கூடியது. அந்த எலும்புக்கூடு இல்லாவிட்டால் ஸ்டூடியோக் குடையும் இல்லை.

1960-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃபிளாஷ் விளக்கோடு குடை சேர்ந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் எலிங்க்ரோம், சுவீடனில் புரோஃபோட்டோ, பிரான்ஸில் பால்கார், இங்கிலாந்தில் போவன்ஸ் என்று ஃபிளாஷ் விளக்குக் கம்பெனிகள் பெயர் பெற்றன. விளக்குத் தலையில் குடைத் தண்டு நுழைய ஒரு துளை, அதை இறுக்க ஒரு திருகு. இவ்வளவுதான் புது ஏற்பாடு. பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் பேசுவதில்லை, ஆனால் கண்ணாடிக் கூரை கட்ட வேண்டிய அவசியத்தை ஒழித்தது அந்தத் துளைதான்.

மாட்டும் விதத்தைச் சொல்கிறேன். படம் எடுக்கப்படுபவருக்கு விளக்கு தன் முதுகைத்தான் காட்டும். குடையின் உட்புறம் அவரைப் பார்த்திருக்கும். விளக்கு குடைக்குள் அடிக்கும், குடை அதை வாங்கி முன்னே அனுப்பும். உள்ளே வெள்ளைத் துணி என்றால் ஒளி மிருதுவாக வரும். வெள்ளிப் பூச்சு என்றால் பளபளப்பும் வேகமும் கூடும். வெளிப்புறம் கறுப்புத் துணி, ஒளி பின்னால் கசியாமல் இருக்க. வேறொரு வகையில் கறுப்பு உறை இல்லாமல், வெள்ளைத் துணி வழியாகவே ஒளியை ஊடுருவ விடுவார்கள். அப்போது குடையின் முதுகு நம்மைப் பார்த்திருக்கும்.

தண்டை எவ்வளவு உள்ளே தள்ளுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. விளக்கு குடைக்கு மிக அருகில் இருந்தால் நடுவில் மட்டும் ஒரு வட்டம் வெளிச்சமாகும், ஓரங்கள் இருட்டாகக் கிடக்கும். ஏழடிக் குடை வாங்கி மூன்றடிக் குடையின் பயனை அடைவது மாதிரி. ரொம்பத் தள்ளி வைத்தால் ஒளி குடையைத் தாண்டிச் சுவரில் சிதறும். ஓரம் வரை நிரம்பி, ஓரத்தைத் தாண்டாத இடம் ஒன்று உண்டு. விளக்கில் உள்ள சின்ன மாடலிங் பல்பைப் போட்டு, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.

குடை பெரிதாக ஆகத் தொல்லையும் பெரிதாகும். 40 அங்குலக் குடையை விட 84 அங்குல, அதாவது ஏழடிக் குடையின் பரப்பு நாலு மடங்குக்கும் மேல். அவ்வளவு துணியையும் கம்பியையும் தாங்குவது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தண்டு, அதைப் பிடித்திருப்பது ஒற்றைத் திருகு. நம் கடற்கரைச் சாலையில் காற்றடிக்கும்போது குடையைக் கைப்பிடியின் நுனியில் பிடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். விளக்கின் தலை மெல்ல மெல்லத் தலையாட்டிக்கொண்டு குனியும். பிளாஸ்டிக் பிடி விரிசல் விடும். ஸ்டாண்டே கவிழ்ந்தால் கண்ணாடிக் குழாய் போச்சு. எனவே ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்றைப் பாரம் சாயும் பக்கமாக நிறுத்துவார்கள், அந்தக் காலில் மணல் மூட்டை போடுவார்கள், மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். நமக்கு வியர்த்துக்கொட்டும், போட்டோக்காரர் ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்பார். அவர் பயப்படுவது குடைக்காக.

தண்டின் பருமனிலும் ஒற்றுமை இல்லை. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், எலிங்க்ரோம் விளக்கில் 7. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வாங்கி வந்த குடை நுழையாமல் திண்டாடிய போட்டோக்காரர்கள் உண்டு. போவன்ஸ் கம்பெனி 1923-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அவர்கள் விளக்கின் முகத்தில் வைத்த மூன்று பல் பூட்டை இன்று சீனக் கம்பெனிகளும் தங்கள் விளக்குகளில் வைக்கின்றன. கம்பெனி போய்விட்டது, பூட்டு வாழ்கிறது.

இதெல்லாம் போட்டோக்காரர்களின் பாடு, உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

அரசுப் பணியில் எனக்குப் பல வருடங்கள் ஓய்வூதியக் கோப்புகளோடுதான் பழக்கம். ஓய்வு பெறுபவர் தன் மனைவியோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைக் கோப்பில் ஒட்ட வேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் அவர் இறந்துவிட்டால், குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் அம்மா இவர்தானா என்று பார்ப்பதற்கு. பல தம்பதிகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து எடுத்த முதல் படம் அதுதான். சிலருக்கு ஒரே படமும் அதுதான்.

அந்தப் படங்களில் பல, கேமராவின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபிளாஷில் எடுத்தவை. ஒரு கோப்பு இன்னும் மனசில் இருக்கிறது. கணவரின் வெள்ளைச் சட்டை பந்தமாக எரிகிறது. பக்கத்தில் மனைவி நல்ல கறுப்பு நிறம். அவர் முகத்தில் தெரிந்தது மூக்குத்தியின் பளிச்சு மட்டும்தான், மற்றதெல்லாம் கரி. கணவர் போன பிறகு அந்த அம்மா வந்து நின்றபோது, படத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அத்தாட்சி வாங்கிவர இரண்டு தடவை கிராமத்துக்கும் அலுவலகத்துக்கும் பஸ்ஸில் அலைந்தார். எல்லாம் முடிந்தபின் அந்தப் படத்தைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கோப்பில் ஒட்டியதைப் பிரித்துத் தர விதி இல்லை. மேசை மேல் கோப்பைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

கறுப்பு நிறத்தைப் படத்தில் கொண்டுவருவது அவ்வளவு கடினம் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதனால்தான் ஸ்டூடியோ கண்ணாடிக்கு முன்னால் ஒரு பவுடர் டப்பாவும் சீப்பும் எப்போதும் இருக்கும். ‘கொஞ்சம் பவுடர் போட்டுக்கோம்மா’ என்பார்கள். அதுவும் போதாமல் நெகட்டிவில் பென்சில் வைத்துத் தேய்த்து முகத்தை வெளுப்பாக்குவார்கள். குறை தோலில் இல்லை, விளக்கில் இருந்தது. வெளுத்த தோல் ஒளியைச் சிதறடித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். கறுத்த தோலின் வடிவம் பெரும்பாலும் அதன் மேல் விழும் மினுமினுப்பில் தெரியும். சின்ன விளக்கு என்றால் அந்த மினுமினுப்பு நெற்றியில் ஒரு புள்ளி, மூக்கில் ஒரு புள்ளி. விளக்கு பெரிதானால் அதே மினுமினுப்பு கன்னம் முழுவதும் மெல்லப் பரவி, எலும்பின் வளைவையும் முகத்தின் களையையும் எடுத்துக் காட்டும். பெரிய குடையால் மிக அதிகமாகப் பயன் அடையும் முகம் நம்முடையது.

எனக்குத் தெரிந்து, எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களுக்கு 1980-களில்தான் குடை பரவலாக வந்தது. அதன் பிறகு கோப்புகளில் ஒட்டிவந்த படங்களும் மாறின. கடைநிலை ஊழியரும் அவர் மனைவியும், பவுடர் இல்லாமல், அவரவர் நிறத்தில், அவரவர் முகத்தோடு வந்தார்கள். பாரிஸ் பூல்வாரில் கண்ணாடிக் கூரையின் கீழே பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த அந்த வானம், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் பாஸ்போர்ட் சைஸ் விலைக்குக் கிடைத்தது. நம் பழைய அரசர்களுக்கு வெண்கொற்றக்குடை இருந்தது. அது ஒருவர் தலைக்கு மேல் மட்டுமே விரியும். இந்த வெள்ளைக்குடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்த யாருக்கும் விரிந்தது.

இன்று ஸ்டூடியோவுக்குப் போவது குறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் போன். ஏதாவது அட்டைக்கு என்று ஒரு கவுண்டரில் உட்காரவைத்து, தலைக்கு மேலே குழல்விளக்கு எரிய, ஒரு நொடியில் படம் எடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் நிழல். நமக்கே நம்மை அடையாளம் தெரிவதில்லை. வீட்டில் பெரியவர்களைப் படம் எடுக்கும்போது போனின் ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெயில் நேராக விழாத வாசற்படி ஓரமாகவோ ஜன்னல் பக்கமாகவோ உட்காரவையுங்கள். இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நதார் 160 வருடங்களுக்கு முன்னால் செய்ததும் அதுதான், செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் பழைய ஆல்பத்தை எடுத்து, பூதக்கண்ணாடியால் படத்தில் உள்ளவர்களின் கண்மணியைப் பாருங்கள். எந்த வெளிச்சத்தில் எடுத்தார்கள் என்பது அங்கே எழுதியிருக்கும். தாத்தா காலத்துப் படமாக இருந்தால் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் தெரியலாம். ஃபிளாஷில் எடுத்திருந்தால் ஊசிமுனை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. கறுப்பு விழியில் வெள்ளையாக ஒரு வட்டமும், அதற்குள் நூல் நூலாகக் கம்பிகளும் தெரிந்தால், அவருக்கு எதிரே அன்று ஒரு குடை விரிந்திருந்தது என்று அர்த்தம்.